ஒரு கைப்பிடி கதிர், தாளோடு

என் அஞ்சலைக்கு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரே வகுப்பில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? எழுதியே ஆக வேண்டிய காலம் வந்தபோது எனக்குத் துணிச்சல் இல்லை. இப்போது நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நீ படிக்க மாட்டாய் என்று ஆன பிறகு எனக்கு தைரியம் வந்திருக்கிறது. என் தைரியம் எப்போதும் இப்படித்தான், உனக்குத் தெரியாததா?

முதலில் ஊர்ச் சேதி. இந்த வருஷம் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்தது. கார்த்திகையில் மழை ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தது, ஆனாலும் பயிர் தப்பித்துவிட்டது. உன்னுடைய மூணு மா நிலத்திலும் சம்பா தலை சாய்ந்து நிற்கிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு உன் மகள் பூங்கொடி வந்திருக்கிறாள். நர்ஸ் வேலையில் இருக்கிறவள் வரப்பில் நின்று அறுவடை மிஷின்காரனை மிரட்டுகிறாள். குரல் அப்படியே உன்னுடையது.

இரண்டாவது சேதி, நம் மன்றம் மறுபடியும் நடக்கிறது. ஆமாம், சங்கப் பாட்டு படிக்கிற அதே பழம்பாட்டு மன்றம், அதே பெண்கள் பள்ளிக்கூடம், அதே புதன்கிழமை கடைசிப் பீரியட். நான் தமிழ் டீச்சராக ஊர் ஊராக வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, வீட்டில் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து கேட்டார். நான் கொஞ்சம்கூட பிகு பண்ணவில்லை. மறு வாரமே போய் நின்றேன்.

இருபத்திரண்டு பிள்ளைகள். முதல் நாள் நம் ரூலைச் சொன்னேன். பாட்டில் என்ன பூ வருகிறதோ, என்ன மீன் வருகிறதோ, அதைக் கொண்டுவந்து மேசையில் வைக்காமல் யாரும் அந்தப் பாட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. உடனே நாலைந்து பேர் போனை எடுத்தார்கள். "போட்டோ இருக்கு மிஸ், ஜூம் பண்ணிக் காட்டவா?" என்றாள் ஒருத்தி. போட்டோவை மோந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த வாரம் அவளே ஒரு பிளாஸ்டிக் கவரில் தண்ணீர் ஊற்றி, அதில் ஆம்பல் பூவை மிதக்கவிட்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தாள். யூனிபார்ம் பாதி நனைந்திருந்தது. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

அந்த ரூலுக்கு இப்போது 'ஜமீலா மிஸ் ரூல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான். கொஞ்சம் பொறு, வருகிறேன்.

நாம் ஒன்பதாவது படித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஆட்சி மாறி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் தமிழ், எங்கே பார்த்தாலும் மேடை. சோடாக் கடைக்காரர்கூட அடுக்குமொழியில்தான் பேசினார். பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மன்றம் வேண்டும் என்றார்கள். நம் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை கடைசிப் பீரியட் சும்மா இருந்தவர் கணக்கு டீச்சர் மட்டும்தான் என்பதால் அவர் தலையில் கட்டினார்கள். அவர் பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். மன்றத்தை நடத்தியது நாம்தான். கையெழுத்து நன்றாக இருக்கும், தொண்டையும் பெரிது என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நாரை வருகிற ஒரு பாட்டு. நான் எழுந்து நின்று, பாலைப் போன்ற வெண்மை, பனியைப் போன்ற மென்மை என்று அடித்துவிட்டேன். கைதட்டல் விழுந்தது. கடைசி பெஞ்சிலிருந்து நீ எழுந்தாய்.

"அது வெள்ளை இல்லடி. சாம்பக் கலரு. கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கும். நீ பாத்துருக்கியா?"

"புத்தகத்துல இருக்கு" என்றேன்.

"புத்தகத்துல நாரைன்னுதான் இருக்கு. பாலு, பனியெல்லாம் நீயா சொன்னது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மறு வாரம் நீ ஒரு நீளமான இறகைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். சாம்பல் நிறம்தான். அன்றைக்குத்தான் அந்த ரூல் பிறந்தது. "கண்ணுல காட்டாம வாயத் தொறக்கக் கூடாது. இனிமே இதான் மன்றத்தோட சட்டம்" என்றாய். கணக்கு டீச்சர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நல்லாத்தான் இருக்கு, வச்சுக்குங்க" என்றார். அவர் அந்த வருஷம் முழுவதும் மன்றத்தில் பேசியது அவ்வளவுதான்.

அதன்பிறகு மன்றம் உன்னுடையது. நான் ஒவ்வொரு வாரமும் யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று ஊதா மையில் சீட்டு எழுதிக் கொடுப்பேன். பாதிச் சீட்டு உன் பெயருக்குத்தான் வரும். மற்றவர்கள் வீட்டில் பஞ்சாங்கமும் பாத்திரமும்தான் இருந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த உன் தெருவைச் சுற்றித்தான் அந்தப் பாட்டுகளில் வருகிற எல்லாம் இருந்தன. தூக்குவாளியில் நீ கொண்டுவந்த கெண்டை துள்ளி டீச்சரின் நோட்டுக் கட்டில் விழுந்தது. டப்பாவிலிருந்து தப்பித்த வயல் நண்டு இரண்டு நாள் கழித்து சாக்பீஸ் பெட்டியில் அகப்பட்டது. கடற்கரைப் பாட்டு வந்தால் மட்டும் என் முறை. அதிராம்பட்டினத்திலிருந்து என் மாமா வரும்போது தாழம்பூவும் கிளிஞ்சலும் கருவாடும் கொண்டுவரச் சொல்வேன். "ஒன் பாட்டு நாறுது லாத்தா" என்று நீ மூக்கைப் பிடித்துக்கொள்வாய்.

லாத்தா. எங்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். என் தங்கை ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் நின்று என்னை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு நீயும் பிடித்துக்கொண்டாய். உன்னைவிட நான் ஒரு வயது சின்னவள் என்று எத்தனை தடவை சொன்னேன்? "வயசுல இல்லடி, அதிகாரத்துல" என்றாய். கோபப்படுவதுபோல முறைத்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் தெருவிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் வந்த முதல் பெண் நீ. உன் அப்பாவும் அம்மாவும் பெரிய பண்ணையில் வேலை. நான் ஜவுளிக்கடைக்காரர் மகள். நெல் என்றால் எனக்கு மூட்டையில் வீட்டுக்கு வருகிற ஒன்று. இதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் செய்த தப்பு அங்கேதான் தொடங்கியது.

அந்தத் தையில் அறுவடைக்கு உன் தெருவில் யாரும் இறங்கவில்லை. கூலியை உயர்த்தாமல் அரிவாள் தொட மாட்டோம் என்று தெரு முனையில் மூங்கில் நட்டுச் சிவப்புக்கொடி கட்டியிருந்தார்கள். பண்ணைகள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கின. வரப்போரம் போலீஸ் வேன் நின்றது. நிற்கிற பயிரில் கை வைத்தால் கதிர் திருட்டு என்று கேஸ். உன் பெரியப்பா மகன்கூட அந்தக் கேஸில் ஸ்டேஷன் லாக்கப்பில்தான் இருந்தான். நானோ புதன்கிழமை தோறும் உழுகிறவன் பெருமையைப் பற்றி மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரில் மாவட்டப் போட்டி வந்தது. நாம் எடுத்துக்கொண்ட பாட்டில் முற்றிச் சாய்ந்த கதிர் வருகிறது. மேசையில் எல்லாவற்றையும் அடுக்கிவைத்து நடுவர்களை அசத்த வேண்டும் என்று எனக்கு வெறி. சீட்டு எழுதி உன்னிடம் நீட்டினேன்.

நீ படித்துவிட்டு, "இது வேணாம்டி" என்றாய். "போன வருசத்துக் கதிருக் கொத்து யாரு வீட்டு வாசல்லயாச்சும் கட்டித் தொங்கும். அத வாங்கியாறேன்."

"அது காஞ்சு போனது. பாட்டுல நிக்கிற கதிர். தாளோட, ஈரத்தோட வேணும்."

"காலம் சரியில்ல."

"ரூல் போட்டது யாரு? நீதானே?"

நீ என்னையே பார்த்தாய். பிறகு சீட்டை மடித்துத் தாவணி முந்தியில் முடிந்துகொண்டாய். "சரி லாத்தா" என்றாய். என் காதால் அந்த வார்த்தையைக் கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில், பிரேயர் முடிந்து வகுப்புக்குள் போனதும் பியூன் வந்து என்னைப் பெரிய டீச்சர் கூப்பிடுவதாகச் சொன்னார். தலைமையாசிரியையை நாம் அப்படித்தான் சொல்வோம். அவர் அறையில் நீ சுவரோரம் நின்றிருந்தாய். கணுக்கால் வரைக்கும் சேறு. பெரிய பண்ணையின் காரியக்காரர் கையில் ஒரு பிடி கதிர் இருந்தது. தாளோடு, ஈரத்தோடு, நான் கேட்ட மாதிரியே. அவர் வேலையாட்களை மேய்க்கிறவர், சத்தம் போட்டே பழகியவர்.

"கேட்டா பள்ளிக்கூடத்துக்குங்கிறா. பள்ளிக்கூடத்துல கதிரு திருடவா சொல்லித் தர்றீங்க?"

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். "நீதானே செயலாளர்? இவள் சொல்றா, நீ சீட்டு எழுதிக் கொடுத்தியாம். எழுதினியா?"

என் வாப்பாவின் முகம் கண் முன்னால் வந்தது. பெரிய பெண்ணாகிவிட்ட மகளை மேலே படிக்க அனுப்புகிறார் என்று ஏற்கெனவே சொந்தத்தில் பேச்சு. "ஒன்னப் பத்தி ஒரு வார்த்த வெளிய வந்தா, அன்னையோட பள்ளிக்கூடம் நின்னுரும் ஜமீலா" என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர்.

"எழுதினேன் டீச்சர்" என்றேன். "அல்லிப்பூன்னு எழுதினேன். கதிர்னு எழுதலை."

காரியக்காரர் சிரித்தார். பெரிய டீச்சர் உன்னிடம் திரும்பி, "சீட்டு எங்க? காட்டு" என்றார்.

நீ முந்தியைக் கையில் பிடித்திருந்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். "தொலஞ்சு போச்சுங்க டீச்சர்" என்றாய்.

எனக்கு மூச்சு வந்தது. சொல்லிவிடுகிறேன் அஞ்சலை, அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. போலீசுக்குப் போக வேண்டாம் என்று பெரிய டீச்சர் காரியக்காரரிடம் கேட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். சாயந்திரம் உன் அப்பா வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வரவில்லை.

தஞ்சாவூருக்கு நீ இல்லாமல் போனோம். நீ முந்தின வாரங்களில் கொண்டுவந்த இறகும், மற்ற சாமான்களும் மேசையில் இருந்தன. கதிர் இருக்க வேண்டிய இடம் காலி. "கதிர் எங்கம்மா?" என்று நடுவர் கேட்டார். அறுவடை முடிந்துவிட்டது என்று சொன்னேன். முதல் பொய் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் எவ்வளவு சுலபம்! இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். திரும்பி வந்த பிறகு மன்றம் நாலு வாரம்கூட நடக்கவில்லை. மேசையில் வைக்க எதையும் கொண்டுவர ஆள் இல்லை.

இத்தனை வருஷமும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. சீட்டுதான் தொலைந்துவிட்டதே, நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், என் படிப்பும் சேர்ந்து போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பத் திரும்பச் சொன்னால் எதுவும் பழகிவிடுகிறது. டீச்சர் ஆனேன், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

என் மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நீ வாழ்க்கைப்பட்ட ஊருக்கு, உன் வீட்டுக்கு வந்தேனே, அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணைகளிடம் எடுத்த நிலத்தில் மூணு மா உனக்குப் பட்டாவாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. நீ களத்திலிருந்து வந்தாய். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாய்.

வாங்க. உக்காருங்க. 'வாடி' என்று ஒரு தடவை சொல்ல மாட்டாயா என்று மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நீ நன்றாகத்தான் பேசினாய். நடவு பற்றி, பூங்கொடி படிப்பு பற்றி, என் முட்டி வலி பற்றிக்கூட. நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்தேன். புறப்படும்போது நீ உள்ளே போய் ஒரு கொத்துக் கதிர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். தாளோடு.

"என் வயல்ல அறுத்ததுதாங்க. பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்றாய்.

அது கிண்டலா, கோபமா, மன்னிப்பா? பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ இன்னும் எத்தனையோ வருஷம் அங்கேதான் இருந்தாய், ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில்.

ஐப்பசியில் நீ போன சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பதினாறாம் நாளுக்கு வந்தேன். எல்லோரும் போன பிறகு பூங்கொடி உன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். அதில் நிலத்துப் பட்டா இருந்தது. பட்டாவுக்குள் மடித்து வைத்த ஒரு சின்னச் சீட்டும் இருந்தது.

"அம்மா இத எங்கள யாரையும் தொட விட மாட்டாங்க. ஒங்க கையெழுத்துத்தானே பெரியம்மா?" என்றாள்.

ஊதா மை மங்கியிருந்தது. ஆனால் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. 'நாளை, புதன். நிற்கிற வயலிலிருந்து நெற்கதிர், தாளோடு, ஒரு கைப்பிடி. அஞ்சலை கொண்டுவர வேண்டும். செயலாளர், ஜமீலா.'

தொலையவில்லை. அன்றைக்கு உன் முந்தியில்தான் இருந்தது. முடிச்சை அவிழ்த்து நீட்டியிருந்தால் போதும், நீ தப்பித்திருப்பாய். என்னைப் பார்த்தாயே ஒரு தடவை, அப்போதுதான் முடிவு செய்தாயா? ஏன் அஞ்சலை? இரண்டு பேரில் ஒருத்தியாவது படிக்கட்டும் என்றா? இல்லை, இவளுக்காக முடிச்சை அவிழ்ப்பதே கேவலம் என்று நினைத்தாயா? எதுவானாலும் சரி, நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் வாங்கிய சம்பளத்திலும், என் பெயருக்குப் பின்னால் இருக்கிற படிப்பிலும் உன் முந்தி முடிச்சு இருக்கிறது. அழுதேன். பூங்கொடி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

"என்னைப் பத்தி அம்மா என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"டிவியில பழைய பாட்டப் பத்தி யாராச்சும் பேசினா, 'லாத்தா இருந்தா இத விட நல்லாப் பேசுவா'ம்பாங்க. ஒங்க பேரே எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றாள்.

உன் வீட்டுக்குள் நான் லாத்தாவாகவேதான் இருந்திருக்கிறேன். என் முன்னால் மட்டும்தான் டீச்சரா? இதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது அந்த ரூல் விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் லீவு முடிந்து வருகிற புதன்கிழமை மன்றத்துக்கு ஒரு சின்ன விழா. பெற்றோர்கள் வருகிறார்கள். தலைமையாசிரியை சுவரில் மாட்ட ஒரு பலகை எழுதச் சொல்லியிருக்கிறார். 'மன்றத்தையும் அதன் வழக்கத்தையும் தொடங்கியவர் ஜமீலா' என்று எழுதி எனக்குக் காட்ட அனுப்பினார். நன்றாக இருக்கிறதா மிஸ் என்று கேட்டார். உன் இடத்தில் நான் நிற்பது இது எத்தனாவது தடவை?

பிள்ளைகள் அன்றைக்கு எடுத்திருப்பது அதே கதிர்ப் பாட்டு. நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்களேதான் எடுத்தார்கள். நேற்று பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேறு, காரியக்காரர், அல்லிப்பூ, எல்லாம். முழுவதையும் கேட்டாள். பிறகு, "மிஷின் எறங்குறதுக்கு முன்னால ஒரு பிடி அறுத்து வக்கிறேன் பெரியம்மா" என்றாள். அவளும் அன்றைக்கு வருகிறாள்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அஞ்சலை. வருகிற புதன்கிழமை, உன் வயல் கதிரை மேசையில் வைப்பேன். பக்கத்தில் அந்தச் சீட்டை வைப்பேன். இரண்டையும் பிள்ளைகள் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பேன். இது யார் கையெழுத்து மிஸ் என்று கேட்பார்கள். சொல்வேன். அல்லிப்பூ என்று சொன்னவள் யார் என்பதையும் சொல்வேன். ஜமீலா மிஸ்ஸைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். பலகையை அழித்து எழுதச் சொல்லிவிட்டேன், அதில் உன் பெயர் இருக்கும், கடைசி பெஞ்ச் என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியை ஏன் என்று கேட்டார். புதன்கிழமை தெரியும் என்றேன்.

நீ சொன்னதுதான், கண்ணில் காட்டாமல் வாய் திறக்கக் கூடாது. எனக்குக் காட்டுவதற்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. வைத்துவிட்டுப் பேசுகிறேன். பேசி முடித்த பிறகு, உன் வீட்டுக்குள் எனக்கு நீ வைத்திருந்த பெயரை நான் எடுத்துக்கொள்ளலாமா?

அந்தப் புதன்கிழமைக்காகக் காத்திருக்கும்,
பூங்கொடிக்குப் பெரியம்மா,
வயதில் இளைய உன் லாத்தா,
ஜமீலா